கடைசிக் கம்பம்

பனி இறங்கிவிட்டால்
என் வார்டில் எவர் முகமும் தெரியாது.
இருமலை வைத்துத்தான் ஆளைச் சொல்வேன்.
இரண்டு தடவை இழுத்து மூன்றாவதில் துப்பினால்
பால் சொசைட்டி வெங்கட்ராயப்பா.
நாய்க்குட்டி குரைப்பது போலென்றால்
ராஜம்மணியின் சின்னவன்.
சத்தமே இல்லாமல் போர்வை மட்டும் நகர்ந்தால்
எனக்கு ஓட்டுப் போடாத அனுமக்கா.

பதினோரு ஓட்டில் ஜெயித்தவள் நான்.
அந்தப் பதினோரு பேர் யார் யாரென்று
கோடை முழுக்க விரல் மடித்திருக்கிறேன்.
மார்கழியில் கணக்கு நிற்பதில்லை.
துண்டைத் தலையில் கட்டி
எரிகிற டயரைச் சுற்றிக் குந்தியிருப்பவர்களில்
எந்த முதுகு என் முதுகு?
டயர் கொளுத்தக் கூடாதென்று தீர்மானம் போட்டதும் நான்தான்.
கையை நீட்டிக் காய்ந்துவிட்டுத்தான் வருகிறேன்.

நூறு நாள் வேலைக்கு
ஏரிக்கரையில் முப்பத்திரண்டு பேர்.
போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும்.
போனில் விழுந்தது
ஒரே வெள்ளை, நான்கு மண்வெட்டிக் காம்பு.
ஆள் எங்கே என்கிறது ஒன்றிய அலுவலகம்.
உள்ளேதான் இருக்கிறார்கள் சார்,
வெயில் வந்தால் வருவார்கள்.

எல்லைக் கல்லுக்கு ஆறடி முன்னால்
எங்கள் கடைசி லைட்டுக் கம்பம்.
அதன் வெளிச்சத்துக்குக் கல் தெரியாது.
பன்னிரண்டு தப்படி ஆந்திராவுக்குள் போய்த்தான் நிற்கும்.
அந்தப் பக்கத்துச் சனம்
ராத்திரியில் கூடையோடு வந்து
ஊறிய மொச்சையைப் பிதுக்கும்.
எங்கள் பெண்களும் அதே கூடையில் கை விடுவார்கள்.
பருப்பு அவர்கள் குழம்புக்கு,
தோல் எங்கள் மாட்டுக்கு,
கரண்டு பில் என் பஞ்சாயத்துக்கு.

தணிக்கைக்கு வந்தவர் டேப் பிடித்து அளந்தார்.
"பாதி வெளிச்சம் வெளி மாநிலத்துக்குப் போகுதே, மெம்பர்."
கம்பத்தை நாற்பதடி உள்ளே தள்ளச் சொல்லி ஒரு தாள்.
என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.
மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன்.

மாட்டுப் பொங்கல் கழிந்த மூன்றாம் ராத்திரி
வெங்கட்ராயப்பாவின் இருமல்
மூன்றாவதில் துப்பவில்லை.
இழுத்துக்கொண்டே இருந்தது.

நூற்றெட்டைக் கூப்பிட்டேன்.
எங்கள் போன் குப்பத்து டவரைத்தான் பிடிக்கும்.
"ஏ மண்டலம்மா?" என்றாள் ஒரு பெண்.
மண்டலம் இல்லை, ஒன்றியம் என்றேன்.
"ஏ ஜில்லா?"
கிருஷ்ணகிரி என்றால் இன்னொரு நம்பர் தருவாள்.
அந்த நம்பரும் சுற்றிக்கொண்டு அவளிடமே போகும்.

பொய் சொன்னேன்.
கல்லுக்கு அந்தப் பக்கம் என்றேன்.
அவருக்கு ஒரு மண்டலம், ஒரு ஜில்லா,
வேறொரு முதலமைச்சர்,
எல்லாம் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன்.
பதினொன்றில் அவரும் ஒருவரோ என்னவோ.

அடையாளம் கேட்டாள்.
ஒரு கம்பம் எரியும் என்றேன்.
இந்தப் பனியில் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

கயிற்றுக் கட்டிலை நான்கு பேர் தூக்கினோம்.
ஒரு காலை அனுமக்கா பிடித்திருந்தாள்.
எதிர்க்காலைப் பிடித்தவர்
தெலுங்கில் மூச்சு வாங்கினார்.
மொச்சைத் தோல் காலடியில் வழுக்கியது.
வெளிச்சம் முடிகிற இடத்தில் இறக்கி வைத்து
சைரனுக்குக் காது கொடுத்து நின்றோம்.

இருபத்தாறாம் தேதி கிராம சபை.
பொருள் எண் ஏழு, கம்பம் மாற்றுதல்.
தாள் பனியில் நனைந்துவிட்டது என்றேன்.
"ரேஷன் கார்டு நனையலையா?" என்றார் செயலர்.
பிறகு ஒத்திவைப்பு என்று எழுதிக்கொண்டார்.

வெங்கட்ராயப்பா திரும்பி வந்துவிட்டார்.
மருந்தில் இருமல் மட்டும் மாறிப்போயிற்று.
விடியலில் கேன் சத்தம் கேட்டு
யாரது என்கிறேன்.
பனிக்குள்ளிருந்து பதில் வருகிறது:
"கல்லுக்கு அந்தப் பக்கத்து ஆளும்மா."